காடு போனதும் ஓடை பெருகியது ஏன், பிறகு ஊற்று வற்றியது ஏன்?

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் குடியிருப்பு ஒன்றிலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா இலங்கையிலிருந்து திரும்பி வந்து, 1970களில் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டவர்களில் ஒருவர். மரங்கள் விழுந்த மறு ஆண்டே கீழே ஓடும் ஓடையில் தண்ணீர் கூடியது என்று தாத்தா அடித்துச் சொல்கிறார். பேரன் பள்ளியில் படித்ததோ, காடு அழிந்தால் தண்ணீர் குறையும் என்று. இன்று அவர்கள் குடியிருப்புக்கு மேலே இருக்கும் ஊற்று மார்ச் மாதம் வந்தால் நின்றுவிடுகிறது. தாத்தா சொல்வது தவறா, பாடப்புத்தகம் தவறா, மண்ணின் சத்து என்ன ஆகிறது, மண் பழைய நிலைக்குத் திரும்புமா என்பது அவருடைய கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஓராண்டில் அந்தச் சரிவிலிருந்து இறங்கி வரும் தண்ணீர் மொத்தம் எவ்வளவு என்பது ஒன்று. அந்தத் தண்ணீர் எந்த மாதத்தில் வருகிறது என்பது மற்றொன்று. தாத்தா பேசுவது முதலாவதைப் பற்றி. குடம் எடுத்துக்கொண்டு ஊற்றுக்குப் போகிறவர்களுக்கு வேண்டியது இரண்டாவது. இவற்றைப் பிரிக்காமல் பேசுவதால்தான் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாட வேண்டியிருக்கிறது.

நான் நீலகிரிச் சரிவுகளில் மண், நீர்ப் பாதுகாப்பு வேலையில் 27 ஆண்டுகள் இருந்தவன். ஓடையின் குறுக்கே சிறு தடுப்புக் கட்டி, அதன் வி வடிவ வெட்டின் வழியாக விழும் தண்ணீரை நாள்தோறும் அளப்பதும், மழை விட்ட மறுநாள் தொட்டியில் படிந்திருக்கும் சேற்றை அள்ளி உலர்த்தி எடைபோடுவதும்தான் என் வேலையாக இருந்தது. அந்த அனுபவத்தை வைத்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் தாத்தா கண்ணால் கண்டது உண்மை. இன்று ஊற்று நிற்பதும் அதே கதையின் பின்பாதிதான்.

ஓடை ஏன் பெருகியது என்று பார்ப்போம். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது சுமார் 4,000 லிட்டர் தண்ணீர். காட்டின் மேல் மழை பெய்யும்போது அதில் ஒரு பங்கு தரையைத் தொடுவதே இல்லை. இலையிலும் கிளையிலும் பாசியிலும் ஒட்டிக்கொண்டு, வெயில் வந்ததும் ஆவியாகப் போய்விடுகிறது. தரையில் இறங்கியதிலும் பெரும்பங்கை வேர்கள் உறிஞ்சி இலை வழியாக வெளியே விடுகின்றன. வெப்பமண்டல மழைக்காடுகள் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் இப்படி ஆகாயத்துக்குத் திருப்பி அனுப்புவது சாதாரணம். நீலகிரி போன்ற குளிர்ந்த, மேகம் சூழ்ந்த உயரத்தில் இது குறைவுதான். ஆனாலும் சிறிய அளவு இல்லை. மரங்களை வெட்டியதும் இந்தச் செலவு ஒரே நாளில் நின்றுபோகிறது. மழை அதே மழை, குடிக்கும் வாய் இல்லை. மீதமானது ஓடைக்குத்தானே வர வேண்டும்? 1982இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு உலகின் பல நாடுகளில் அளக்கப்பட்ட 94 நீர்ப்பிடிப்புப் பகுதிகளின் கணக்கை ஒன்றாக வைத்துப் பார்த்தது. காட்டை வெட்டிய இடங்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் ஓடையின் ஆண்டு வரத்து கூடியிருந்ததே தவிரக் குறையவில்லை. மண், நீர் அறிவியலில் இவ்வளவு உறுதியாகச் சொல்லக்கூடிய செய்திகள் மிகச் சில.

அடுத்ததுதான் கடினமான பகுதி. கூடிய தண்ணீர் கோடையில் வருமா, மழைக்காலத்தில் வெள்ளமாகப் போய்விடுமா? இதற்கு எல்லா ஊருக்கும் பொதுவான ஒரே விடை கிடையாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் 1950களின் இறுதியில் தொடங்கிய இரண்டு சோதனைகளை எனக்கு வேலை கற்றுத் தந்த பெரியவர் அடிக்கடி சொல்வார். நம் மலைக்கு அவை மிகவும் பொருந்துவதால் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன். தான்சானியாவின் தென்மேற்கு மேட்டுநிலத்தில் எம்பேயா என்ற ஊர். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சரிவுகள். ஒன்றில் பசுமைமாறாக் காடு, மற்றொன்றில் சிறு விவசாயிகளின் வயல்கள். செங்குத்தான நிலம், கைமண்வெட்டி விவசாயம். வயல் பக்கத்து ஓடை கோடையில் காய்ந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். அளந்து பார்த்தபோது, கோடையிலும் காட்டு ஓடையைவிட வயல் ஓடையில் ஏறத்தாழ இரண்டு மடங்கு தண்ணீர் ஓடியது. காரணம் மண். அங்கே இருப்பது எரிமலைச் சாம்பலிலிருந்து உருவான, சல்லடை போன்ற மண். மேலே என்ன பயிரிட்டாலும் அது மழையை வாங்கி உள்ளே அனுப்பிவிட்டது. மரங்கள் குடிக்காமல் விட்டது நிலத்துக்குள் இறங்கி, கோடையில் ஊற்றாக வெளியே வந்தது.

மற்றொன்று கென்யாவின் கெரிச்சோ. அது உங்கள் தாத்தாவின் கதைக்கே பொருந்துவது: மலைக்காட்டின் ஒரு பகுதியைத் திருத்தித் தேயிலை நட்டு, பக்கத்தில் காட்டையும் விட்டுவைத்து, இரண்டையும் ஆண்டுக்கணக்கில் அளந்தார்கள். வெட்டிய முதல் சில ஆண்டுகள் ஓடையில் தண்ணீர் கூடியது. தேயிலைச் செடிகள் வளர்ந்து ஒன்றோடொன்று தலைசேர்ந்து தரையை மூடிய பிறகு, தேயிலையும் காட்டுக்கு நெருங்கிய அளவு தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது. ஓடையும் ஏறக்குறையப் பழைய நிலைக்குத் திரும்பியது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே நட்டவர்கள் சமமட்டக் கோட்டில், அதாவது சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில், நட்டார்கள், வடிகால்களைத் திட்டமிட்டு வெட்டினார்கள், சாலைகள் எங்கே போக வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்தார்கள். காட்டை வெட்டியும் மண்ணைக் காப்பாற்றினால் என்ன ஆகும் என்பதற்கே அது சான்று. அவசரமாக, கையிருப்பில்லாமல் திருத்திய நிலத்துக்கு அதை அப்படியே எடுத்துக்காட்டக் கூடாது.

உங்கள் ஊர்ச் சூழ்நிலை அப்படிப்பட்ட அவசரமானது. இலங்கைத் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியா ஏற்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பியவர்களுக்கு வாழ்வு கொடுப்பதற்காக 1968 முதல் வனத்துறை நீலகிரியில் காட்டு நிலங்களைத் திருத்தித் தேயிலை நட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த மண்ணை விட்டு, ஒரு டிரங்குப் பெட்டியுடன் வந்து இறங்கியவர்கள் செய்த வேலை அது. அந்தக் கைகளைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தோட்ட முதலாளிகள் இதே மலையில் இதைவிட அதிகக் காட்டை வெட்டியிருக்கிறார்கள். என்ன நடந்தது என்பதை நேராகப் புரிந்துகொண்டால்தான் இன்று என்ன செய்யலாம் என்பது தெரியும்.

ஊற்றுக்கு வருவோம். ஊற்றின் தொட்டி பாறைக்கு அடியில் எங்கோ இருப்பதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். நீலகிரி போன்ற பழைய பாறை மலையில் அந்தத் தொட்டி பெரும்பாலும் மண்தான்: மேல்மண்ணும், அதன் கீழே பல மீட்டர் ஆழத்துக்கு மக்கிப்போன பாறையும். மழை பெய்யும் நேரத்தில் அந்தத் தொட்டியின் வாய் திறந்திருக்க வேண்டும். வாய் என்று நான் சொல்வது மேலே இருக்கும் ஓரடி மண்ணை.

ஒரு காட்சியைச் சொல்கிறேன். மண் தண்ணீரை எவ்வளவு வேகமாக வாங்குகிறது என்று பார்க்க, அடியில்லாத இரும்பு வளையங்கள் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகத் தரையில் அடித்து இறக்கி, தண்ணீர் ஊற்றி, மட்டம் இறங்குவதைக் கடிகாரம் வைத்துக் குறிப்போம். சோலைக்குள், அதாவது நீலகிரியின் இயற்கைக் காட்டுக்குள், அதைச் செய்வது பெரும் தொல்லை. குடம் குடமாகச் சுமந்து வந்து ஊற்றுவோம்; அளவுகோலை வைத்து நிமிர்வதற்குள் வளையம் காலியாகிவிடும். தோண்டிப் பார்த்தால் காரணம் தெரியும். மேலே ஒரு விரல் கனத்துக்கு இலைச்சருகு, அதற்குக் கீழே பாதி மக்கிய கருப்புப் பொடி, அதற்கும் கீழே கையில் எடுத்தால் ரவை உப்புமா போல உதிரும் கரிய மண். இடையே மண்புழுத் துளைகள், செத்த வேர்கள் விட்டுச்சென்ற குழாய்கள், எறும்பு வழிகள். அதே நாள் மாலை, அந்தச் சோலையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த உருளைக்கிழங்குத் தோட்டத்தில் அதே வளையத்தை இறக்கினோம். பாத்திக்கு இடையில் ஆட்கள் நடந்து இறுகிய தடத்தில் ஊற்றிய தண்ணீர் தேநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தபோதும் நின்றுகொண்டிருந்தது. அதன் மேல் வானம் தெரிந்தது. அடிமண் இரண்டு இடத்திலும் ஒன்றுதான், மழையும் ஒன்றுதான்.

இந்த வேறுபாடு எப்படி வருகிறது? காட்டு மண்ணை உதிரியாக வைத்திருப்பது அதிலுள்ள மட்கு, அதாவது மக்கிப்போன இலைதழை. மட்கும், பூஞ்சை இழைகளும், புழுக்களின் கழிவும் சேர்ந்து மண்துகள்களைச் சிறு சிறு உருண்டைகளாக ஒட்டிவைக்கின்றன. காட்டை அகற்றிக் கொத்திப் புரட்டினால் அந்த மட்குக்கு வெயிலும் காற்றும் கிடைக்கின்றன; நுண்ணுயிர்கள் அதை விரைந்து தின்று தீர்த்துவிடுகின்றன. புதிய சருகோ வருவதில்லை. 74 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றுதிரட்டி 2002இல் வெளியான ஒரு கணக்கில், இயற்கைக் காடு பயிர் நிலமாக மாறும்போது மண்ணின் கரிமம் (மட்கில் இருக்கும் கார்பன்) சராசரியாக 42 விழுக்காடு குறைவதாகத் தெரிந்தது. அதே கணக்கில் காடு மேய்ச்சல் நிலமானபோது கரிமம் சராசரியாகச் சிறிது கூடவே செய்தது. ஆகவே மரம் போனது மட்டும் காரணமன்று; ஆண்டுதோறும் மண்ணைப் புரட்டித் திறந்து போடுவதுதான் பெரிய அடி. மட்கு குறைந்தால் உருண்டைகள் உடைகின்றன. மூடாக்கு இல்லாத தரையில் மழைத்துளி நேராக விழுந்து அவற்றை மேலும் உடைக்கிறது. உடைந்த நுண்துகள் துளைகளை அடைத்து, காய்ந்ததும் பொருக்குக் கட்டுகிறது. தொட்டியின் வாய் அதோடு மூடிவிட்டது.

வாய் மூடிய சரிவில் ஐப்பசி மழை பெய்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். மழை தொடங்கிய சிறிது நேரத்தில் ஓடை செம்மண் நிறமாகிறது, பொங்குகிறது, மழை நின்ற சில மணி நேரத்தில் வடிந்துவிடுகிறது. ஆண்டுக்கணக்கில் கூட்டினால் காட்டு ஓடையைவிட அதிகத் தண்ணீர்தான் போயிருக்கும். ஆனால் அது மார்கழிக்கு முன்பே பவானிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. காட்டை வெட்டிய முதல் சில ஆண்டுகளில் அந்தக் கருமண் இன்னும் உயிரோடு இருந்தது. வாய் திறந்திருந்தது, குடிக்க மரமும் இல்லை. ஓடை கோடையிலும் பெருகியிருக்கலாம். மண் கெட்டது பிறகுதான், மெல்ல, யார் கண்ணுக்கும் படாமல்.

கண்ணுக்குப் படாமல் என்று சொன்னதற்கு ஒரு கணக்கு உண்டு. ஓர் ஏக்கரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் மண் போனால், கன அளவில் 4 கன மீட்டர். எடையில் 4 டன்னுக்குக் குறையாது, ஏறத்தாழ ஒரு டிப்பர் லோடு. ஆனால் ஒரு மில்லிமீட்டர் இறங்கியதை வயலில் நின்று பார்த்து எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பல ஆண்டு கழித்து வரப்போரக் கல்லின் அடி வெளியே தெரியும்போதும், தேயிலைச் செடியின் வேர்க்கழுத்து தரைக்கு மேலே ஒரு சாண் நிற்கும்போதும்தான் தெரியும். உங்கள் தோட்டத்தில் பழைய செடிகளைப் பாருங்கள். தண்டு தரையைத் தொடும் இடத்தில் வேர் பிரிந்து காலூன்றி நிற்பதுபோல் தெரிந்தால், அந்த உயரம்தான் நட்ட நாளிலிருந்து அந்த இடத்தில் போன மண்ணின் அளவு. அந்த மண்ணோடு தொட்டியும் போகிறது. நல்ல மேல்மண் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுமார் 20 மில்லிமீட்டர் தண்ணீரைப் பயிருக்குக் கிடைக்கும்படி பிடித்துவைக்கும். ஓர் ஏக்கருக்கு அது 80,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி கிட்டத்தட்ட ஏழு. ஒவ்வொரு நல்ல மழைக்கும் இந்த ஏழு லாரித் தண்ணீரை வாங்கிக்கொள்ள இடம் இல்லாமல் போகிறது.

தேயிலையையும் காய்கறியையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. தேயிலையில் மண் போவது முக்கியமாக நட்ட முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிலும், கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, தரை திறந்து கிடக்கும் மாதங்களிலும், ஆட்கள் நடக்கும் தடங்களிலும், தோட்டச் சாலைகளின் ஓரங்களிலும்தான். செடி தலைசேர்ந்துவிட்டால் அது நல்ல மூடாக்கு. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் என்று ஆண்டுக்கு இரண்டு போகம், மூன்று போகம் கொத்துகிற நிலம் வேறு கதை. அங்கே ஒவ்வொரு போகத்திலும் மண் புதிதாகத் திறக்கப்படுகிறது. அதிலும் பாத்தியைச் சரிவின் போக்கிலேயே மேலிருந்து கீழாகப் போடும் வழக்கம் இருக்கிறது. ஏன் அப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு விவசாயியிடம் கேட்டபோது, தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும், ஒரே வாரத்தில் கடன் கழுத்தை நெரிக்கும் என்றார். அவர் சொன்னது நியாயம். படிமட்டம் வெட்டி, ஒவ்வொரு படியையும் மலைப்பக்கமாகச் சற்றே சாய்த்து, உள்ளோர வாய்க்கால் வழியாக உபரித் தண்ணீரை மெதுவாக இறக்கினால் கிழங்கும் அழுகாது, மண்ணும் போகாது. உதகையில் 1954இல் தொடங்கப்பட்ட மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் இதைப் பல ஆண்டுகள் அளந்து காட்டியிருக்கிறது. ஆனால் படி வெட்டக் கூலி வேண்டும், சொந்த நிலம் வேண்டும். ஓராண்டுக் குத்தகைக்கு எடுத்தவரிடம் படிமட்டம் வெட்டச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

ஊற்று நிற்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. காடு போனதைப் பற்றிப் பேசும்போது அது பெரும்பாலும் விட்டுப்போகிறது. நீலகிரியின் பள்ளத்தாக்கு அடியில், இரண்டு குன்றுகள் சேரும் இடத்தில், காலை வைத்தால் அமுங்கும் ஈர நிலம் இருக்கும். கோரையும் பாசியும் மண்டிய அந்தச் சதுப்பு, மழைக்காலத்தில் வாங்கியதைக் கோடை முழுவதும் கசியவிடும். காய்கறி விளைய அதைவிட நல்ல இடம் இல்லை. கருப்பு மண், சமதளம், பக்கத்திலேயே தண்ணீர். அதனால் முதலில் போனது அதுதான். நடுவில் ஓர் ஆழமான வாய்க்கால் வெட்டினால் இரண்டே பருவத்தில் சதுப்பு வடிந்து வயலாகிவிடும். பிறகு அதே இடத்தில் கிணறு வெட்டி மோட்டார் வைப்பார்கள். 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை விழுந்த பிறகு தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் காய்கறிக்கு மாறியவர்களும் உண்டு; அதோடு தண்ணீர்த் தேவையும் கூடியது. மேலே காடு நின்றாலும், கீழே சதுப்பை வடித்துவிட்டால் ஊற்றுகள் மெலியும். உங்கள் ஊற்று நிற்பதற்கு 1970களின் காடு வெட்டு முழுக் காரணமா, பின்னால் வெட்டிய ஒரு வாய்க்காலும் ஒரு மோட்டாரும் காரணமா என்பதை நேரில் பார்க்காமல் என்னால் சொல்ல முடியாது. எத்தனை ஆண்டுகளாக நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஐம்பது ஆண்டுகளாக நிற்கிறது என்றால் ஒரு பொருள், பதினைந்து ஆண்டுகளாக என்றால் வேறு பொருள்.

இதைப் படிப்பவர்கள் உடனே மரம் நடக் கிளம்பிவிடுவார்கள் என்பதால் ஓர் எச்சரிக்கை சொல்கிறேன். நீலகிரியின் கிளென்மார்கனில் மேலே சொன்ன உதகை ஆராய்ச்சி நிலையம் நடத்திய சோதனை, இந்த மலையில் நடந்தவற்றில் மிக முக்கியமானது என்பது என் கருத்து. அருகருகே இரண்டு புல்வெளிப் பள்ளத்தாக்குகளை 1968 முதல் அளந்தார்கள். 1972இல் ஒன்றில் ஏறத்தாழ 59 விழுக்காடு பரப்பில் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், நட்டார்கள். மற்றதைப் புல்வெளியாகவே விட்டார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் நட்ட பள்ளத்தாக்கின் தண்ணீர் வரத்து சராசரியாகச் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து துளிர்த்த இரண்டாம் சுற்றில் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. கோடை வரத்தும் சேர்ந்தே குறைந்தது. புல்வெளியின் மண் ஏற்கெனவே நல்ல வாய் திறந்த மண். அதற்கு மேலே வேகமாக வளரும் மரத்தை வைத்தால் செலவுதான் கூடும். நீலகிரியின் புல்வெளி, காடு அழிந்த பிறகு வந்த தரிசும் அல்ல. சதுப்புகளின் அடிமண்ணை ஆராய்ந்தவர்கள், சுமார் 20,000 ஆண்டுக் காலத்தில் காலநிலைக்கேற்பப் புல்லும் சோலையும் இங்கே மாறி மாறி விரிந்தும் சுருங்கியும் வந்திருப்பதைக் கண்டிருக்கிறார்கள். புல்வெளியில் கற்பூரமும் சீகையும் (வாட்டில் மரம்) நட்டு, அதைக் காடு வளர்ப்பு என்று அழைத்தது இந்த மலையின் தண்ணீருக்குச் செய்த பெரிய தீங்கு. தேய்ந்துபோன பயிர் நிலத்தில் சோலை மரம் வளர்ப்பது வேறு. அங்கே மண்ணின் வாய் திறப்பதால் கிடைக்கும் லாபம், மரம் குடிக்கும் நஷ்டத்தைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்பு உண்டு. இருக்கும், இருக்காது என்று இப்போதைக்கு யாரும் அடித்துச் சொல்ல முடியாது. மண்ணைப் பொறுத்து, மரத்தைப் பொறுத்து மாறும்.

ஐயத்துக்குரிய வேறு சிலவற்றையும் சொல்லிவிட வேண்டும். காட்டை வெட்டியதால் மழையே குறைந்துவிட்டது என்பார்கள். அமேசான் போன்ற பரந்த நிலத்தில் காடு வெளியிடும் ஈரமே திரும்பவும் மழையாகிறது என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. ஆனால் நீலகிரி மழையின் பெரும்பகுதி அரபிக்கடலிலிருந்தும் வங்கக்கடலிலிருந்தும் வருவது. சில நூறு ஏக்கர் காடு போனதால் பருவமழை குறைந்தது என்று சொல்ல ஆதாரம் போதாது. மரக்கிளைகள் மூடுபனியைப் பிடித்துச் சொட்டுச்சொட்டாகத் தரைக்கு இறக்குவது உண்மை. மழையில்லாத விடியற்காலையில் சோலைக்குள் நின்றால் தோள் நனையும். அந்தச் சொட்டு ஓடைக் கணக்கில் எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு இருக்கிறது.

நிலச்சரிவும் அப்படித்தான். வேர்கள் மண்ணைத் தைத்துவைக்கின்றன, மரத்தை வெட்டிய சில ஆண்டுகளில் அடிவேர் மக்கும்போது அந்தத் தையல் பிரிகிறது, இதில் ஐயமில்லை. ஆனால் 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911. அவலாஞ்சியைச் சுற்றி இன்றும் சோலையும் புல்வெளியும் இருக்கின்றன, அங்கேயும் நிலம் சரிந்தது. அவ்வளவு மழையை எந்த மண்ணும் வாங்காது. நடுத்தர மழையில் காடு பெரிய காவல். பேய்மழையில் அந்தக் காவல் போதாது. சரிவை வெட்டிச் சாலையும் வீடும் அமைத்த இடங்களில் பழியை விவசாயத்தின் மீது மட்டும் போடுவதும் நேர்மையல்ல.

மண்ணின் சத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் என்ற இடத்தில் 1965இல் ஒரு பள்ளத்தாக்கின் மரங்களை முழுவதும் வெட்டி, மறுபடி எதுவும் முளைக்காமல் தடுத்து, ஓடையை அளந்தார்கள். தண்ணீர் கூடியது, அதோடு நைட்ரேட் பல மடங்கு கூடி, குடிநீருக்கான வரம்பைத் தாண்டியது. காடு சேர்த்துவைத்திருந்த சத்து கரைந்து போய்க்கொண்டிருந்தது. புதிதாகத் திருத்திய நிலத்தில் முதல் சில போகம் அமோகமாக விளைவதும் இதனால்தான். அது சேமிப்பை உடைத்துச் செலவழிக்கும் விளைச்சல். பிறகு உரம் வேண்டும். நீலகிரி மண் இயல்பிலேயே புளிப்பு மண். அம்மோனிய உரம் இட இட அந்தப் புளிப்பு ஏறும். தேயிலை தாங்கிக்கொள்ளும், காய்கறி தாங்காது, சுண்ணாம்பு இட வேண்டும். இட்ட உரத்தில் ஒரு பங்கு ஊற்றுக்கும் வரும் என்பதால், குடிக்கிற ஊற்றுக்கு மேலே காய்கறி இருந்தால் தண்ணீரில் நைட்ரேட் அளவைச் சோதித்துப் பாருங்கள்.

மண் திரும்புமா? நான் முன்பு சொன்ன அதே 2002 கணக்கில், பயிர் நிலத்தைக் காடாக வளரவிட்ட இடங்களில் கரிமம் சராசரியாக 53 விழுக்காடு கூடியிருந்தது. 100 இருந்தது 58 ஆகி, அதிலிருந்து 53 விழுக்காடு கூடினால் 89 வரை வரும். வெவ்வேறு இடங்களின் சராசரிகளை இப்படிப் பெருக்குவது கறாரான கணக்கு அல்ல. திசை தெரிந்துகொள்ள உதவும். அதற்கும் பல பத்தாண்டுகள் பிடிக்கும். அடித்துச்செல்லப்பட்ட மண் நம் வாழ்நாளில் திரும்பாது. ஒரு சென்டிமீட்டர் மண் உருவாக நூறாண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். ஆனால் இருக்கிற மண்ணின் வாயைத் திறப்பது அவ்வளவு நெடிய வேலையல்ல. கவாத்துக் கழிவை விறகுக்கு எடுக்காமல் செடிகளுக்கு இடையிலேயே பரப்பி, இரண்டு மூன்று ஆண்டுகளில் மண்புழு திரும்பிய தோட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மறுநடவுக்கு முன்பு குவாத்தமாலா புல்லை வளர்த்து வெட்டிப் போடுவது தேயிலைக்காரர்களுக்குப் பழகிய முறை. ஊற்றுக்கு நேர் மேலே இருக்கும் சரிவில் சமமட்டக் கோட்டில் விட்டுவிட்டுக் குழிகள் எடுத்தால் ஓடும் தண்ணீர் நின்று இறங்கும். மிகச் செங்குத்தான, ஏற்கெனவே வெடிப்பு விட்ட சரிவில் மட்டும் குழி எடுக்காதீர்கள்; உள்ளே போகும் தண்ணீரே அங்கே நிலத்தைத் தள்ளிவிடும்.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. 10 லிட்டர் வாளியும் கைப்பேசிக் கடிகாரமும் போதும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கார்த்திகையிலிருந்து சித்திரை வரை எழுதினால் ஊற்று எப்படி மெலிகிறது என்பது தெரிந்துவிடும். மழை நின்ற இரண்டு வாரத்திலேயே சரசரவென்று இறங்கினால் தண்ணீர் உள்ளே போகவில்லை, மேல்மண்தான் நோய். தை வரை நன்றாக ஓடிவிட்டு, பக்கத்தில் மோட்டார் ஓடும் நாட்களில் மட்டும் சட்டென்று விழுந்தால் விடை கீழே இருக்கிறது. இடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாத்தாவை அழைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குப் போங்கள். அவர் வந்த புதிதில் கால் புதைந்த ஈர நிலம் எங்கே இருந்தது, அதன் நடுவே வாய்க்கால் எந்த ஆண்டு வெட்டப்பட்டது என்று காட்டச் சொல்லி, நான்கு மூலையிலும் குச்சி நட்டு வையுங்கள். அந்த இடமும் உங்கள் நோட்டும் இருந்தால் அடுத்த மழைக்கு முன்பு என்ன செய்யலாம் என்பதை என்னால் இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியும்.